வியன்னா நாட்குறிப்பு: ஷீலேவும் வல்லியும்

பிப்ரவரி 6

லியோபோல்ட் மியூசியத்தில், ஆஸ்திரிய ஓவியர் எகோன் ஷீலே வரைந்த வல்லியின் படம். போஸ்டர், பை, காபிக் கோப்பை என்று இந்த ஊர் முழுக்க இருக்கிற முகம். அசல் சின்னதுதான்: சுமார் 33க்கு 40 சென்டிமீட்டர், மரப்பலகையில் எண்ணெய் வண்ணம். கறுப்பு உடை, வெள்ளைக் காலர், செம்பட்டை முடி, சாய்ந்த தலை. கண்கள் மட்டும் அளவுக்கு மீறிப் பெரியவை, நீலம். அதே 1912இல், ஏறக்குறைய அதே அளவில் எகோன் ஷீலே தன்னையும் வரைந்திருக்கிறார். இரண்டும் ஜோடி. அவர் படத்தில் தலையைத் தூக்கி, நம்மை மேலிருந்து பார்க்கிறார். வல்லி நேராகப் பார்க்கிறார். இரண்டில் எது அதிகம் நடிக்கிறது என்று கேட்டால், ஓவியரின் முகத்தைத்தான் காட்டுவேன்.

வால்பூர்கா நொய்ட்ஸில் என்பது முழுப்பெயர். 1894இல் வியன்னாவுக்குத் தெற்கே டாட்டென்டார்ஃப் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். 1911இல் ஷீலேவிடம் மாடலாக வந்தபோது பதினாறு, பதினேழு வயது. ஷீலேவும் ஒன்றும் பெரிய ஆள் இல்லை, இருபதுதான்.

பிப்ரவரி 8

மாலை வரைதல் வகுப்பு. மாடலாக வந்த பெண் போனில் இருபது நிமிடம் டைமர் வைத்துவிட்டுத்தான் நின்றார். மணி அடித்ததும் அங்கியை மாட்டிக்கொண்டு தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார். எங்கள் தாள்களில் எல்லாம் அவருக்கு ஒரு கால்தான் முளைத்திருந்தது.

ஷீலே மின்னல் வேகம், அழிப்பானைத் தொடமாட்டார். ஏணியில் ஏறி நின்று கீழே கிடக்கும் உடம்பை வரைவார். படுத்திருந்த பெண்ணை வரைந்துவிட்டு, தாளைச் செங்குத்தாகத் திருப்பிக் கையெழுத்துப் போட்டு நிற்க வைத்துவிடுவார். வண்ணம் தீட்டுவது மட்டும் மாடல் எழுந்து போன பிறகு, நினைவிலிருந்து. அதாவது மாடல் எதிரில் இருக்கும்போது கிடைப்பது கோடு மட்டும். முழங்கையில் எரிகிற சிவப்பும் விலாவில் படர்கிற பச்சையும் அவர் போன பிறகு வந்தவை. உணர்ச்சிக்காக உருவத்தையும் நிறத்தையும் திரித்துக் காட்டும் எக்ஸ்பிரஷனிசம் என்று நாம் சொல்வதில் பாதி, ஆள் இல்லாத அறையில் நடந்திருக்கிறது.

பிப்ரவரி 11

சிறைக் கதையைப் படித்தேன். ஷீலேவின் அம்மா பிறந்த ஊர் க்ரூமாவ், இன்றைய செக் நாட்டில் இருக்கிறது. 1911இல் வல்லியோடு அங்கே போய்க் குடியிருந்தார். கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்வதும், ஊர்ப் பிள்ளைகளை வரவழைத்து வரைவதும் ஊருக்குப் பொறுக்கவில்லை. கிளம்ப வேண்டியதாயிற்று. அடுத்தது வியன்னாவுக்கு மேற்கே நொய்லெங்பாக். அங்கே 1912 ஏப்ரலில் கைது. வீட்டை விட்டு ஓடிவந்த ஒரு சிறுமி இவர்களிடம் அடைக்கலம் தேடியதில் ஆரம்பித்த வழக்கு. கடத்தல் குற்றச்சாட்டு நிற்கவில்லை. பிள்ளைகள் வந்துபோகும் இடத்தில் ஆபாசப் படத்தைக் கண்ணில் படும்படி வைத்தார் என்பதற்குத்தான் தண்டனை. மொத்தம் 24 நாள் உள்ளே இருந்தார். நீதிபதி ஒரு படத்தை மெழுகுவர்த்தித் தீயில் காட்டி எரித்தார்.

இதைச் சொல்கிறவர்கள் எரிந்த படத்துக்காகவே வருந்துகிறார்கள். எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் மனதில் நிற்கிறார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டனிலும் இதே கதைதான்: 1910இல் ஓவியர்கள் கிர்ஷ்னரும் ஹெக்கலும் வரைந்து தள்ளிய ஃபிரான்ட்சி என்ற சிறுமிக்கு ஒன்பது வயது. நல்ல ஓவியம் என்பதால், பிள்ளைகளை இப்படி வரையலாமா என்ற கேள்வி காலாவதியாகிவிடாது. அந்தக் காலத்து வழக்கம் என்றும் தள்ள முடியவில்லை. அந்தக் காலத்து க்ரூமாவ்காரர்களே கேட்டிருக்கிறார்களே.

சிறைக்கு வல்லி ஓர் ஆரஞ்சுப் பழம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஏப்ரல் 19 தேதியிட்ட ஒரு நீர்வண்ணப் படத்தில் அது இருக்கிறது: மங்கிய சிறையறை, கட்டில், அதன்மேல் ஒரு பொட்டு ஆரஞ்சு நிறம். அந்த ஒரு பழம்தான் வெளிச்சமாக இருந்தது என்று ஷீலே அதிலேயே எழுதியிருக்கிறார். கொண்டுவந்தவர் படத்தில் இல்லை.

பிப்ரவரி 12

ஷீலேவின் குறிப்பேட்டில் வல்லி எழுதிய ஒரு வரி உண்டு. 1913 ஜனவரி 8. உலகத்தில் யார்மீதும் தனக்குக் காதல் இல்லை என்று இதன்மூலம் உறுதியளிக்கிறாராம். கீழே கையெழுத்து. பத்திரம் எழுதுகிற தோரணை! கேலி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 16

மேல் பெல்வெடேர் அரண்மனை. கூட்டமெல்லாம் கிளிம்ட்டின் ‘முத்தம்’ முன்னால். நல்லதாயிற்று, நான் வந்தது ஷீலேவின் ‘சாவும் பெண்ணும்’ படத்துக்காக.

வியன்னாவின் ஹீட்சிங் பகுதியில் ஷீலேவின் ஸ்டூடியோவுக்கு எதிர்ப்புறம் ஹார்ம்ஸ் குடும்பம். அடேல், எடித் என்று இரண்டு பெண்கள், கௌரவமான வீடு. அவர்களைச் சினிமாவுக்குக் கூப்பிட்டபோது, துணைக்கு வல்லியும் வருவார் என்றுதான் ஷீலே எழுதினார். 1915 பிப்ரவரியில் நண்பர் ஆர்தர் ரோஸ்லருக்கு ஒரு கடிதம்: கல்யாணம் செய்துகொள்ளும் எண்ணம், தோதான இடம், பெண் வல்லி இல்லை. அப்புறம் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்து வல்லியிடம் ஓர் ஏற்பாட்டை எழுதியே நீட்டினாராம். வருஷா வருஷம் கோடையில் இருவரும் மட்டும் ஊருக்குப் போகலாம் என்று. வல்லி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஜூன் 17, எடித்துடன் கல்யாணம்.

அதே வருஷம் வரைந்ததுதான் ‘சாவும் பெண்ணும்’. ஒன்றரை மீட்டர் உயரம். சாவுக்கு ஷீலேவின் முகம், பெண்ணுக்கு வல்லியின் முகம். மெலிந்த கைகளால் அவனைச் சுற்றிக்கொண்டு நெஞ்சில் சாய்ந்திருக்கிறாள். தன்னையே சாவாக வரைந்துகொண்டதைப் பெரிய மனசு என்று பாராட்டுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் சொகுசு தெரிகிறது. காபிக்கடையில் யாரும் யாரையும் கட்டிக்கொண்டு அழவில்லை. எழுந்து போனவர் வல்லி. படத்தில் மட்டும் அவர் விடாமல் பற்றியிருக்கிறார். இதுவும் மாடல் போன பிறகு தீட்டிய வண்ணம்தான். ஆனாலும் படத்தை விட்டு நகர மனம் வரவில்லை. அந்தக் கசங்கிய வெள்ளைத் துணி அப்படி.

பிப்ரவரி 19

வல்லி அதற்குப் பிறகு யாருக்கும் பிரபலமான மாடல் ஆகவில்லை. போர்க்காலத்தில் நர்ஸ் பயிற்சி பெற்று, டால்மேஷியாவில் (இன்றைய குரோஷியா) சின்ய் என்ற ஊரின் ராணுவ மருத்துவமனையில் வேலை. 1917 டிசம்பர் 25 அன்று செங்காய்ச்சலில் இறந்தார், வயது 23. அடுத்த அக்டோபரில் ஸ்பானிஷ் ஃப்ளூ எடித்தைக் கொண்டுபோனது, வயிற்றில் ஆறு மாதக் குழந்தை. மூன்றே நாளில் ஷீலேவும்.

ஆறாம் தேதி பார்த்த அந்தச் சின்னப் படத்துக்கும் ஒரு நீண்ட கதை உண்டு. லேயா பொண்டி என்ற யூத கேலரி உரிமையாளரிடமிருந்து நாஜிக் காலத்தில் பறிக்கப்பட்டது. நியூயார்க் கண்காட்சிக்கு இரவல் போன இடத்தில், 1998இல் அங்கேயே தடுத்து வைக்கப்பட்டது. பொருள்மீதே தொடுக்கும் வழக்கு என்பதால், எதிர்த்தரப்பு ‘வல்லியின் உருவப்படம்’. அமெரிக்க அரசு வாதி! 2010இல் லியோபோல்ட் மியூசியம் பொண்டியின் வாரிசுகளுக்கு 1.9 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

2015இல் அதே மியூசியம் வல்லியின் வாழ்க்கையைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்தியிருக்கிறது. தலைப்பில் ஷீலேவின் பெயரையும் சேர்த்துத்தான். அதன் கேட்டலாக் பழைய புத்தகக் கடையில் கிடைக்கிறதா என்று சனிக்கிழமை பார்க்க வேண்டும்.