ஆமாம் தம்பி

"அப்போ நிறைய பேர் எடுக்குறாங்களா, அக்கா?"

சோதனையாகப் போட்டுக் காட்டிய முப்பது விநாடிப் போதை எதிர்ப்பு விளம்பரப் படம் முடிந்து விளக்கைப் போட்டதும் அந்தப் பையன் கேட்டான். பதினாறு வயது இருக்கும். "ஆமாம் தம்பி, அதனாலதானே இந்த விளம்பரமே" என்றேன், யோசிக்காமல். தனக்குத்தான் இத்தனை நாள் தெரியாமல் போயிற்று என்பதுபோல் தலையாட்டினான்.

'ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இந்த வலையில் விழுந்துகொண்டிருக்கிறார்கள்' என்பது நான் எழுதிய வரி. எழுதும்போது எனக்கே நெஞ்சு கனத்தது. ஆபத்தின் அளவு தெரிந்தால்தான் விழிப்பு வரும் என்று நம்பினேன். சோதனைத் தாளில் எல்லாரும் 'செய்தி புரிந்தது', 'மனதில் நின்றது' என்று டிக் போட்டிருந்தார்கள், அவனும்தான். அவன் கேள்விக்கு அந்தத் தாளில் இடமில்லை. என் அறிக்கையிலாவது சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. படம் ஒளிபரப்பானது.

அமெரிக்காவில் 1998 முதல் 2004 வரை ஏறத்தாழ 100 கோடி டாலர் ஒதுக்கி நடத்திய இளையோர் போதை எதிர்ப்பு விளம்பரங்களைப் பற்றிய மதிப்பீட்டைப் பிறகுதான் படித்தேன். 2008-ல் வெளியானது. விளம்பரங்கள் பரவலாகவே போய்ச் சேர்ந்திருந்தன. கஞ்சாப் பழக்கம் அவற்றால் குறைந்ததற்குச் சான்றில்லை. அதிகம் பார்த்த பிள்ளைகளிடம், 'மற்றவர்கள் எடுக்கிறார்கள்' என்ற எண்ணம் பின்னாளில் கூடியிருந்தது. அந்த இடத்தில் அவன் தலையாட்டியது நினைவுக்கு வந்து, அதற்குமேல் படிக்க முடியவில்லை.

ஒரு தலையாட்டலை வைத்து என்ன சொல்லிவிட முடியும்? வெறும் ஆர்வத்தில் கேட்டிருப்பான். தவிர, பிள்ளை சிக்கிய வீட்டில் 'நமக்கு மட்டும்தான் இப்படி' என்று வெட்கப்பட்டு மறைப்பவர்களுக்கு, பலருக்கும் நேர்கிறது என்ற சொல்தான் சிகிச்சைக்குக் கதவைத் திறக்கும். ஆனால் அந்தப் படம் பெற்றோருக்கானது அல்லவே. அவன் வயதில் பெரும்பாலோர் போதைப்பொருளைத் தொடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். வரி வலுவிழந்துவிடும் என்று நான்தான் விட்டுவிட்டேன். "இல்லை தம்பி, உன்னை மாதிரி எடுக்காதவங்கதான் அதிகம்" என்பது சொல்ல எவ்வளவு எளிது! அது உண்மையும்கூட.

புதிய ஸ்கிரிப்டில் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். "பெரும்பாலோர் எடுக்கவில்லை என்றால், பிரச்சினையே இல்லை என்று ஆகிவிடாதா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அரை மணி நேரம் வாதாடினேன். கடைசியில் 'பலர்' என்ற சொல்லைச் சேர்க்க ஒப்புக்கொண்டேன்.