சிங்கப்பூர் முதல் நியூயார்க் வரை: 17 மணி நேரம் என்றார்கள்

நியூயார்க் வந்து மூன்று நாள்களாகியும் நள்ளிரவில் பசிக்கிறது, நண்பகலில் கண் சொக்குகிறது. தூரம் கணக்கிடும் அந்த இணையதளத்தின் மீதுள்ள எரிச்சல் தணிவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஏறத்தாழ 15,340 கிலோமீட்டர் என்றும், பறக்கும் நேரம் 17 மணி என்றும் அது காட்டியது. தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்ததைத் தவிர அதில் வேறு சூட்சுமம் எதுவும் இல்லை என்பது, கழிவறையை ஒட்டிய இருக்கையில் தூக்கம் வராமல் நானே வகுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

உலக உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்தால் வருகிற மிகக் குறுகிய வழிக்குரிய தூரம் அது. அந்த நூல் வட துருவத்தை ஏறக்குறைய உரசிச் செல்லும். விமானங்களோ காற்றின் போக்கைப் பார்த்தே வழியைத் தேர்ந்தெடுக்கின்றன. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு 2020 நவம்பரில் தொடங்கப்பட்ட இடைநில்லாச் சேவை, மேற்கிலிருந்து வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளட்டும் என்று பசிபிக்கின் மேல் பல நூறு கிலோமீட்டர் சுற்றிச் செல்வதும் உண்டு. அப்படியும் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அத்தடத்துக்கான நெடுந்தூர ஏ350 ரக விமானத்தில் சாதாரண சிக்கன வகுப்பே கிடையாது என்பதால், என் பணப்பைக்கு அது எட்டாக்கனி.

ஆகவே பிராங்பர்ட் வழியாகப் போனேன். அவ்வழியில் கூடுவது சுமார் 1,100 கிலோமீட்டர்தான். ஆனால் கூடிய நேரத்தைக் கேட்காதீர்கள். இரவு 11.55-க்குக் கிளம்பி பதின்மூன்றரை மணி நேரம் பறந்து, அங்கே ஆறு மணி நேரம் இரும்புக் கைப்பிடி வைத்த நாற்காலியில் படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நெளிந்து, மீண்டும் பாதுகாப்புச் சோதனைக்காகக் காலணியைக் கழற்றி, மேலும் எட்டு மணி நாற்பது நிமிடம் பறந்து தரையிறங்கியபோது மொத்தம் 28 மணி பத்து நிமிடம் கழிந்திருந்தது. குடிநுழைவு வரிசையில் நின்ற ஒன்றரை மணி நேரத்தை இதில் சேர்க்கவில்லை. கட்டணத்தில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை பிராங்பர்ட் உணவகமே வாங்கிக்கொண்டது. ஆனாலும் அங்கே குடித்த சூடான உருளைக்கிழங்கு சூப்பைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இரண்டு விமானங்களிலும் தந்த சாப்பாட்டையெல்லாம் அந்த ஒரு கிண்ணத்துக்கு ஈடாகக் கொடுத்துவிடலாம்.

வெளியே வந்ததும் ஒருவர் பெட்டியைப் பற்றிக்கொண்டு, மன்ஹாட்டனுக்கு 140 டாலர் என்றார். உரிமம் பெற்ற மஞ்சள் டாக்சிகளுக்கு அத்தடத்தில் 70 டாலர் என நிலையான கட்டணம் உண்டு. சாலைச் சுங்கமும் கூடுதல் கட்டணங்களும் தனி. வரிசையில் நின்று ஏறுவதே முறை. நான் இரண்டையும் தவிர்த்து, ஏர்டிரெயின் என்ற விமான நிலைய ரயிலில் நகரின் ஜமைக்கா நிலையம் சென்று சுரங்க ரயில் பிடித்தேன்.

கோடையில் இரு நகரங்களுக்கும் நேர வேறுபாடு சரியாகப் பன்னிரண்டு மணி என்பதால், என் பழைய முள் கடிகாரத்தை மட்டும் திருப்பி வைக்க வேண்டியிருக்கவில்லை.