டூட்டி ரோஸ்டரில் இல்லாத பெயர்

ஒரு பாட்டிக்கு இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. எண்பதைத் தாண்டிய கை, நரம்பு எளிதில் அகப்படாது. ஊசியை எடுக்கும்போது வழக்கம்போல உதட்டுக்குள்ளேயே, "ஆண்டவரே, என் கையைப் பிடிச்சுக்கிடும்" என்றேன். பக்கத்தில் நின்ற மூத்த நர்ஸ், என்ன சொல்கிறாய் என்று கேட்டார். மறைக்க என்ன இருக்கிறது, சொன்னேன். அவர் கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "இந்த வார டூட்டி ரோஸ்டரில் கடவுள் பெயர் இல்லை. வேலைக்கு வந்திருப்பது நீயும் நானும்தான்" என்றார். சொல்லிவிட்டு, பாட்டியின் முழங்கையைத் தடவி நல்ல நரம்பு ஒன்றைக் காட்டினார். முதல் குத்திலேயே இரத்தம் வந்துவிட்டது. அந்தப் பேச்சு மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் என்னை விடவில்லை.

எனக்குத் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கத்தில் ஒரு பனங்காட்டு ஊர். இப்போது இருப்பது ஜெர்மனியில், ஹாலே நகரத்தில், ஒரு முதியோர் வார்டில் வேலை. ஊரில் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது காலை டூட்டியே ஜெபத்தோடுதான் தொடங்கும். தியேட்டரில் கத்தியைக் கையில் எடுக்கும் முன் டாக்டர் கண்ணை மூடுவார். மேசையில் படுத்திருப்பவர் எந்த மதத்துக்காரராக இருந்தாலும், "நல்லா ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிங்க டாக்டர்" என்றுதான் சொல்வார். யாரும் அதை விசித்திரமாகப் பார்த்ததில்லை. கத்தியைக் கடவுள் பிடிப்பார் என்று அங்கே ஒருவரும் நினைக்கவில்லை. பிடிக்கிற கை நடுங்காமல் இருக்கப் பெலன் கேட்கிறோம், அவ்வளவுதான்.

இந்தப் பகுதி 1949 முதல் 1990 வரை கிழக்கு ஜெர்மனியாக இருந்தது. பெற்றோர் காலத்திலேயே கோயிலை விட்டுப் போன குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்குக் கடவுள் மேல் கோபமெல்லாம் கிடையாது. அந்தப் பேச்சே வீட்டில் இருந்ததில்லை. நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்யப் போனபோது படிவத்தில் மதம் கேட்டிருந்தார்கள். அங்கே சபை உறுப்பினர் என்று எழுதினால், நாம் கட்டும் வருமான வரியில் 9 சதவீதம் அளவுக்குச் சபை வரி தனியாகப் பிடிப்பார்கள். "ஒண்ணும் இல்லைன்னு எழுதிடுங்க, பணம் மிச்சம்" என்று தெரிந்தவர் ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நான் சபை உறுப்பினர் என்றே எழுதினேன். என் ஆச்சி தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்துப் பானையில் போட்டு வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். அரிசி குறைந்த வாரத்திலும் அந்தக் கைப்பிடி குறைந்ததில்லை. அவளுடைய பேத்தி நான், எப்படி இல்லை என்று எழுதுவேன்?

இங்கே எல்லாவற்றுக்கும் இன்சூரன்ஸ் உண்டு. பிள்ளை பந்தடித்து அடுத்தவர் ஜன்னல் உடைந்தால்கூட அதற்கென்று ஒன்று இருக்கிறது. பஸ், டிராம், டாக்டர், குழந்தைக் காப்பகம், எல்லாம் ஒழுங்கு. நன்றியோடுதான் சொல்கிறேன், இந்த ஒழுங்கில் பெரிய நிம்மதி இருக்கிறது. ஆனால் மனதுக்குள் ஒரு குறை வளர்ந்துகொண்டே வந்தது. "ஜெபிச்சுக்கிடுதேன்" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

ஊரில் ஒரு காய்ச்சல் வந்தால் போதும். தகவல் எப்படிப் போகும் என்று தெரியாது, சாயங்காலத்துக்குள் சபை ஊழியர், மாதர் சங்கத்து அக்கா, பக்கத்து வீட்டுச் சித்தி எல்லாரும் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "சுக்கு தட்டிப் போட்டுக் காபி குடி பிள்ளே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பரீட்சையா, பெண் பார்க்க வருகிறார்களா, கிணற்று மோட்டார் ஓடவில்லையா, எல்லாவற்றுக்கும் ஜெபம். இங்கே எனக்குக் காய்ச்சல் வந்தபோது வார்டிலிருந்து "சீக்கிரம் குணமாகட்டும்" என்று அன்பாக ஒரு மெசேஜ் வந்தது. நல்ல மனிதர்கள். ஆனாலும் அன்று தலையில் ஒரு கை விழாதா என்று ஏங்கிப் படுத்திருந்தேன். அம்மாதான் வீடியோ காலில் வந்து, ஃபோனை நெற்றியில் வைக்கச் சொல்லி ஜெபித்தாள். அவளுக்குத் திரையில் என் புருவம் மட்டும்தான் தெரிந்ததாம். "அது போதும், ஆண்டவருக்கு மிச்சம் தெரியும்" என்றாள்.

எனக்கு ஜெபம் அதிகம் தேவைப்படுவது வார்டு டெலிஃபோனுக்கு. பி2 என்ற மொழிப் பரீட்சையில் பாஸ் செய்த ஜெர்மன் வேறு, அவசரத்தில் இருக்கும் லேப் ஆள் ஃபோனில் பேசும் ஜெர்மன் வேறு. முகம் தெரியாது, உதட்டசைவு தெரியாது. எண்களையும் இவர்கள் பின்னாலிருந்து சொல்வார்கள், இருபத்தைந்து என்றால் "ஐந்தும் இருபதும்". இரத்தப் பரிசோதனை முடிவை ஃபோனில் கேட்டு எழுதும்போது, 25க்குப் பதில் 52 விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிறு கலங்கும். அதனால் மணி அடிக்கும்போதெல்லாம் எனக்கு மோசே ஞாபகம். "நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்" என்றவருக்கு, "நான் உன் வாயோடே இருந்து, நீ பேசவேண்டியதை உனக்குப் போதிப்பேன்" என்று ஆண்டவர் சொன்னார் அல்லவா. அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஃபோனை எடுக்கிறேன். எழுதுகிறேன், திருப்பிச் சொல்கிறேன், அவர் சரி என்ற பிறகே வைக்கிறேன். ஜெபிக்கிற ஆள் சரிபார்க்காமல் விடலாம் என்று வேதத்தில் எங்கேயும் கிடையாது.

ஹாலேக்கு வேலை கிடைத்தது என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "நம்ம சீகன்பால்க் ஐயர் படிச்ச ஊரா?" அதே ஊர்தான். 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்க் இங்கேதான் படித்தார். அவர் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடிக்க முதலில் தரங்கம்பாடிக்குப் போன அச்சு எழுத்துகளை வார்த்ததும் இந்த ஊரில்தான். 1819இல் பிறந்ததாகச் சொல்லும் எங்கள் சபைப் பெருமையெல்லாம் இதற்கு முன்னால் நேற்றைக்கு நடந்த மாதிரி. சீகன்பால்க்கின் ஊழியத்துக்கு இங்கிருந்து பெரிய துணையாக நின்றவர் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற போதகர். அவர் தொடங்கிய அநாதை இல்லமும் பள்ளிகளும் இன்றும் ஊர் நடுவில் தெரு நீளத்துக்கு நிற்கின்றன.

1695இல் ஃபிராங்கேயின் வீட்டில் வைத்திருந்த தர்மப் பெட்டியில் அந்தக் காலத்துக் காசில் நாலு தாலர், பதினாறு கிரோஷன் விழுந்தது. அதை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அடுத்த வாரத்துக்குக் காசு எங்கிருந்து வரும் என்று தெரியாமலே கட்டடம் ஏறியது. 1727இல் அவர் இறந்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே படித்தார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது ஒன்று உண்டு. முழங்கால் போட்டவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. மருந்துக் கடை வைத்தார், அச்சுக்கூடம் வைத்தார், கணக்கு எழுதினார். மருந்து விற்ற காசு பிள்ளைகளுக்குச் சோறாகியது.

அந்த அநாதை இல்லத்தின் முகப்பில், உச்சியில், சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள் இருக்கின்றன. கீழே ஏசாயா 40:31. ஜெர்மன் எழுத்துகளைக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்தவள், பாதியிலேயே தமிழில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து, கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள்." எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் காலண்டரில் தொங்கிய வசனம். முகப்பில் அந்த அளவோடு நிறுத்தியிருக்கிறார்கள். காலண்டரில் மீதியும் இருந்தது. "அவர்கள் ஓடினாலும் இளைப்படையார்கள், நடந்தாலும் சோர்வடையார்கள்." வார்டில் எனக்கு வேண்டியது அந்தக் கடைசித் துண்டுதான். டிசம்பரில் இங்கே எட்டு மணிக்கு மேல்தான் விடியும், நாலு மணிக்கு இருட்டிவிடும். நாலரைக்கு எழுந்து, ஆறு மணி டூட்டிக்கு டிராம் பிடித்து, ஒவ்வொரு அறையாகப் போய் உடம்பு துடைத்து, இறுகிய காலுறையை வீங்கிய காலில் ஏற்றி, படுக்கை மாற்ற வேண்டும். ஊரில் சொந்தக்காரர்களோ ஆயாம்மாவோ செய்த வேலையெல்லாம் இங்கே நர்ஸ் வேலை. பறக்க வேண்டாம், மத்தியானம் இரண்டு மணிவரை நடந்தால் போதும். அந்தப் பெலன் எனக்கு நாள் தவறாமல் கிடைக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் சபைகளில் சாட்சி சொல்ல எழுந்தால் பெரிய காரியங்களைத்தான் சொல்வோம். லாரி மோதாமல் தப்பியது, கட்டி கரைந்தது, விசா கிடைத்தது. திங்கட்கிழமை எழுந்து வேலைக்குப் போனேன் என்று யாராவது சாட்சி சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். இந்த எண்ணம் எனக்கு வந்தது இங்கே கோயிலில் பழக்கமான ஒரு வயதான அம்மாவால். ஆராதனைக்கு வருவது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். முடிந்ததும் காபியும் கேக்கும் தருவார்கள், அப்போதுதான் பேச்சு. அந்த அம்மா சிறுமியாக இருந்தபோது, அரசு நடத்திய இளைஞர் உறுதிமொழிச் சடங்குக்குப் போகாமல் கோயிலில் திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதி செய்யும் சபைச் சடங்கு) எடுத்திருக்கிறார். அதனால் மேல்படிப்புக்கு இடம் தரவில்லை. தையல் வேலைக்குப் போய்விட்டார். வருத்தம் இல்லையா என்று கேட்டேன். "வருத்தம் இருந்தது. ஆனால் தினமும் காலையில் மெஷின் முன்னால் போய் உட்காரப் பலமும் இருந்தது" என்றார். கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னார். எத்தனையோ கன்வென்ஷன் கூட்டங்களில் கேட்காத சாட்சி அது.

அவர் பையில் எப்போதும் ஒரு சிறிய நீலப் புத்தகம் இருக்கும். ஹெர்ன்ஹூட் என்ற ஊரிலிருந்து 1731 முதல் ஆண்டுதோறும் அச்சாகி வருகிற தினவசனப் புத்தகம். ஒவ்வொரு நாளுக்கும் உரிய பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்களாம். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் தாங்கவில்லை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் புது வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்க நாம் முண்டியடிக்கிறோமே, அதைச் சொன்னேன். ஊரில் என் அம்மாவுக்கு ஒரு வருஷம் எச்சரிப்பு மாதிரியான வசனம் வந்து, போதகர் ஐயரிடம் வேறு அட்டை கேட்டதையும் சொன்னேன். அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இப்போதெல்லாம் எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. டிராம் நேரம் மனப்பாடம், குளிருக்கு எந்தக் கோட்டு என்று தெரியும். மகன் போகும் காப்பகத்தில் சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகள் கை கோத்து "பீப் பீப் பீப்" என்று ஒரு பாட்டுச் சொல்வார்கள். இவன் கடைசியில் "ஆமென்" சேர்த்துச் சொல்லி, இப்போது அந்த மேசையே ஆமென் சொல்கிறதாம். டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார். பழகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஊர்க் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்து (சபை விருந்து) வீடியோவை அண்ணன் அனுப்பிவிடுவான். கோயில் மைதானத்தில் வரிசையாகக் கிடாரம், ஆட்டுக்கறிக் குழம்புக்கு மேல் எழும் ஆவி, சோற்றை அள்ளிப்போட விரித்த பாய். பணக்காரன் ஏழை இல்லாமல் எல்லாரும் ஒரே பந்தியில். வீட்டில் முடியாமல் படுத்திருப்பவர்களுக்கு ஓலைப்பெட்டியில் போகும். பனை ஓலை மணம் ஏறிய அந்தக் குழம்புச் சோற்றுக்கு ஈடாக எதையும் நான் இன்னும் சாப்பிடவில்லை. அந்த வீடியோ வரும் நாளில் டிராமில் நிறுத்தம் தாண்டிப் போய்விடுகிறது.

அந்த மூத்த நர்ஸைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. கிறிஸ்துமஸ் மாலை டூட்டி எனக்கு விழுந்திருந்தது. அவர் தானாகவே வந்து, "உனக்குக் கோயில் முக்கியம், எனக்கு அது சாதாரண நாள்" என்று மாற்றிக்கொண்டார். அவருக்காக நான் தினமும் ஜெபிக்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். "கெடுதல் ஒன்றும் இல்லையே" என்றார். இல்லை என்றேன்.

இந்த 31ஆம் தேதி எங்கள் வீட்டில் கூடுகிறோம். லைப்சிக்கிலிருந்து இரண்டு தமிழ்க் குடும்பங்கள் வருகின்றன. அம்மா வாக்குத்தத்த அட்டைகளைத் தபாலில் அனுப்பிவிட்டாள். தையல் அம்மா தனக்கும் ஒரு அட்டை வேண்டும் என்று கேட்டிருக்கிறார், வசனத்தை நான் ஜெர்மனில் எடுத்துக் காட்ட வேண்டும். எனக்கு அன்று ராத்திரி டூட்டி, ஒன்பது மணிக்குள் வார்டில் இருக்க வேண்டும். அதனால் நள்ளிரவுக்குக் காத்திராமல் ஆறு மணிக்கே பாட்டு, ஜெபம், அட்டை, அப்புறம் சாப்பாடு. துருக்கிக் கடையில் ஆட்டுக்கறி சொல்லியாகிவிட்டது. கிடாரம்தான் இல்லை. லைப்சிக்கிலிருந்து வருகிறவர்களிடம் பெரிய குக்கர் இருக்கிறதா என்று இன்று ராத்திரி கேட்க வேண்டும்.