சிறுநீருக்கும் பாலுக்கும் ஒரே சோதனை: அனுமதி முதல் சரிபார்ப்பு வரை பட்ட பாடு

செஃபலோஸ்போரின் வகை மருந்துகளைப் பிளக்கும் ஈ.எஸ்.பி.எல். நொதியைச் சுரந்து மருந்துக்கு அடங்காமல் நிற்கும் இ.கோலை கிருமியை இரண்டு மணி நேரத்துக்குள் காட்டிக்கொடுக்கும் நிறமாற்றச் சோதனை ஒன்றை, மனிதரின் சிறுநீர்த் தொற்றுக்கும் மாட்டின் மடிநோய்க்கும் பொதுவாக உருவாக்க எங்கள் குழு இறங்கியது. வேதியியல் பகுதி தொல்லை தரவில்லை. சோதனைத் தட்டின் ஒரு குழியில் செஃபோடாக்ஸிம் என்ற செஃபலோஸ்போரின் மருந்தை நொதி பிளக்கும்போது அமிலம் உண்டாகி, பீனால் ரெட் என்ற நிறங்காட்டி சிவப்பிலிருந்து மஞ்சளாகும். டாசோபாக்டம் கலந்த அடுத்த குழியில் நொதி முடங்குவதால் சிவப்பு மாறாது. 2012இலேயே வெளியான முறை என்பதால் தூய கல்ச்சரில், அதாவது ஆய்வகத்தில் தனியாக வளர்த்த கிருமியில், எளிதாக வேலை செய்தது.

இழுபறி அனுமதியில் தொடங்கியது. மனித ஆய்வுகளுக்கான நெறிமுறைக் குழுவின் அலுவலகம், விண்ணப்பத்தில் மாட்டுப்பால் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதைக் குழுவின் பார்வைக்கே வைக்காமல் திருப்பி அனுப்பியது. விலங்கு நெறிமுறைக் குழுவிடம் போனால், வழக்கமாகக் கறக்கும்போது எடுக்கும் பால் விலங்குச் சோதனையில் சேராது, அனுமதியே வேண்டாம் என்றார்கள். அதை எழுத்தில் கேட்டபோது, தேவையில்லாத அனுமதிக்கு எப்படிக் கடிதம் கொடுப்பது என்று எழுத்தர் திருப்பிக் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்ததுதான் எரிச்சலைக் கூட்டியது. கடைசியில் 'விலக்குச் சான்று' என்று தலைப்பிட்டுக் கேட்டதும் அதே மேசையிலிருந்து கையெழுத்து வந்தது. இந்த வேலையில் இறங்குபவர்கள் அந்தச் சொல்லையே முதல் நாளில் பயன்படுத்துங்கள். சிறுநீருக்கும் பாலுக்கும் தனித்தனி விண்ணப்பமாகவே போடுங்கள்.

அடுத்த அடி கூரியரில் விழுந்தது. கசியாத குப்பி, உறிஞ்சும் பஞ்சு, இரண்டாவது உறை, கெட்டியான வெளிப்பெட்டி, அதன்மேல் சாய்சதுரத்துக்குள் நோய் மாதிரிகளுக்கான யுஎன் 3373 குறியீடு என எல்லாம் விதிப்படியே இருந்தும், விலங்கு மாதிரிக்குக் கால்நடைச் சான்று வேண்டும் என்று சொல்லிப் பெட்டியை இரவு முழுவதும் குளிரூட்டாத அறையில் வைத்துவிட்டார்கள். இ.கோலை வசதியான சூட்டில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்பதால், மறுநாள் வந்த சிறுநீரில் கிருமி எண்ணிக்கைக்கு எந்தப் பொருளும் இல்லை. அத்தனை குப்பிகளையும் ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி கொல்லும் கலத்தில்) போட்டு அழிக்க வேண்டியதாயிற்று. கிருமி பெருகாமல் தடுக்கும் போரிக் அமிலக் குப்பி இதற்குத் தீர்வு என்பார்கள். ஆனால் அந்த அமிலம் உங்கள் சோதனையின் நிறத்தைக் கெடுக்கவில்லை என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரைச் சுழற்றி, அடியில் படியும் கிருமியைக் கழுவி எடுத்தால் போதும். கழுவாவிட்டால் ஏற்கெனவே அமிலமான சிறுநீர் ஒப்பீட்டுக்காக வைத்த மருந்தில்லாத குழியையும் மஞ்சளாக்கிவிடும், யூரியாவைப் பிளந்து காரமாக்கும் புரோட்டியஸ் என்ற கிருமி இருந்தாலோ எதுவுமே மஞ்சளாகாது. பால் இப்படி வழிக்கு வரவில்லை. மையவிலக்கிலிருந்து எடுத்த குழாயில் மேலே கெட்டியான ஆடை, நடுவே நீலம் பாய்ந்த தண்ணீர்ப்பால், அடியில் உயிரணுக்களின் வெண்படிவு என மூன்று அடுக்கு நின்றது. கிருமியில் பெரும்பங்கு அடியில் இருக்கும் என்று பார்த்தால், கணிசமான பகுதி கொழுப்போடு ஆடையில் ஏறியிருந்தது. போதாக்குறைக்குப் படிவில் ஒட்டியிருந்த கேசீன் என்ற பால்புரதம் அமிலத்தை வாங்கிக்கொண்டதால் நிறம் ஆரஞ்சிலேயே நின்றது. அதை மஞ்சள் என்பதா சிவப்பு என்பதா என்று குழுவில் இருவர் சண்டையே போட்டார்கள். முடிவில், செஃபோடாக்ஸிம் கலந்த ஊடகத்தில் பாலைச் சில மணி நேரம் வளர்த்த பிறகே சோதிப்பது என்றாயிற்று. இரண்டு மணி நேரம் என்ற பெருமை பாலைப் பொறுத்தவரை அத்தோடு போயிற்று. மருந்து எதிர்ப்பைச் சமாளிக்கும் விரைவுச் சோதனைக்காக 2014இல் அறிவிக்கப்பட்ட லாங்கிட்யூட் பரிசு, எந்த மருந்து கேட்கும் என்று 45 நிமிடத்தில் விடை சொல்லும் பிஏ-100 கருவிக்கு 2024இல்தான் கிடைத்தது. அதுவும் மனிதச் சிறுநீருக்கு மட்டும் என்பதை நினைத்து ஆறுதல் அடைந்தோம்.

சரிபார்ப்பில் எண்ணிக்கை கழுத்தைப் பிடித்தது. மருந்துக்கு அடங்காத கிருமியை அடங்கும் என்று சொல்லும் பெரும்பிழை 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற அளவுகோலை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அந்த விழுக்காடு எல்லா மாதிரிகளிலும் கணக்கிடப்படுவதில்லை, எதிர்ப்புள்ள கிருமிகளில் மட்டுமே கணக்கிடப்படுகிறது. எங்களுக்கு வந்த மடிநோய்ப் பாலிலோ அத்தகைய கிருமி அரிதாகவே கிடைத்தது. எனவே முதல் வேலையாக, எதிர்ப்புக் கிருமிகளைச் சேமித்து வைத்திருக்கும் ஆய்வகம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

அப்படிக் கடன் வாங்கிய விலங்குக் கிருமிகளில், அதே மருந்துகளைப் பிளக்கும் சிஎம்ஒய்-2 என்ற வேறு வகை நொதி அடிக்கடி தலைகாட்டியது. டாசோபாக்டத்துக்கு அது எளிதில் அடங்காததால் சிலவற்றில் இரண்டு குழிகளும் மஞ்சளாயின, சிலவற்றில் நிறம் மெல்ல மாறியதால் குறித்த நேரத்துக்குள் சிவப்பாகவே இருந்தன. ஈ.எஸ்.பி.எல். இல்லை என்ற விடை நேர்மையானதுதான், ஆனால் அதை நம்பி செஃபலோஸ்போரின் ஊசி போட்டால் மாடு தேறாது. ஆகவே முடிவுச் சீட்டில் 'மருந்து கேட்கும்' என்ற சொல்லை நீக்கி, 'ஈ.எஸ்.பி.எல். காணப்படவில்லை, கல்ச்சர் முடிவுக்குக் காத்திருக்கவும்' என்று அச்சிட்டோம். அந்த ஒரு வரிக்காகவே எங்கள் சரிபார்ப்பைப் பரிசீலித்த மதிப்பீட்டாளர் சிறுநீர்ப் பகுதியை மறுகேள்வி இல்லாமல் ஏற்றுக்கொண்டார். பால் பகுதிக்கு இன்னும் அதிகக் கிருமிகளில் சோதிக்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெட்டிகளுக்கான கால்நடைச் சான்றை இந்த முறை அனுப்பும் ஆய்வகமே இணைத்துத் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறது.