ரிசல்ட்டுக்கு முன்பே வரும் கல்லூரிக் கடிதங்கள்: பிளஸ் டூ முடித்தவர்களுக்கு

இந்த வருஷம் பிளஸ் டூ எழுதியிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பரீட்சை முடிந்த கையோடு உங்கள் வீட்டுக்குக் கல்லூரிகளிலிருந்து தபால் வர ஆரம்பித்திருக்கும். அதோடு போன், எஸ்எம்எஸ், வாட்ஸ்அப்பும் வரும். நீங்கள் எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டிருக்க மாட்டீர்கள். ஆனாலும் வரும்.

நான் உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, 2023இல் பிளஸ் டூ முடித்தேன். கவுன்சிலிங் வழியாக இடம் கிடைத்து மதுரையில் இன்ஜினியரிங் படிக்கிறேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் காலேஜ் போனவர்கள் யாரும் இல்லை. வந்த கடிதங்களை எப்படிப் படிப்பது என்று சொல்லித் தந்தவர் எங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர்தான். அவர் காட்டியதையும், பிறகு நானே தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எனக்கு வந்ததில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழவழப்பான தாள். மேலே கட்டடத்தின் கலர் படம், கீழே கையெழுத்தும் சீலும். என் பெயர், அப்பா பெயர், பள்ளியின் பெயர் எல்லாம் சரியாக இருந்தன. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவில் சேர நான் தேர்வு செய்யப்பட்டிருப்பதாகவும், டியூஷன் பீஸில் 50 சதவீதம் ஸ்காலர்ஷிப் தருவதாகவும், பத்து நாளைக்குள் அசல் சான்றிதழ்களோடு வந்து முன்பணம் கட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். மறுநாள் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் பூ கொண்டுபோனவர் அங்கே நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

டீச்சர் கடிதத்தை வாங்கியதும் முதலில் தேதியைத்தான் பார்த்தார். ஏப்ரல் மாதம். ரிசல்ட் வந்தது மே மாதம். "மார்க்கே வரலையேம்மா, எதை வச்சு உன்னைத் தேர்வு பண்ணாங்க?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் சேர்க்கை எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று புரியும். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆன்லைனில் ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங் நடத்துகிறது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று மொத்தம் 200க்கு உங்கள் கட் ஆஃப் போடுவார்கள். அதை வைத்து ரேங்க் பட்டியல் வரும். ரேங்க் வரிசைப்படி சுற்றுச் சுற்றாகக் கூப்பிடுவார்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று நீங்கள் உங்கள் விருப்ப வரிசையைப் பதிவு செய்ய வேண்டும். சுயநிதிக் கல்லூரிகளும் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தை, சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரி என்றால் 50 சதவீதத்தை, இந்தக் கவுன்சிலிங்குக்குத் தர வேண்டும். மீதிதான் மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது கல்லூரி நிர்வாகமே நிரப்பிக்கொள்ளும் இடங்கள். ரிசல்ட்டுக்கு முன்னால் ஒரு கல்லூரி உங்களைக் கூப்பிட்டு இடம் தர முடியும் என்றால் அது அந்த மீதியிலிருந்துதான். கடிதத்தில் 'மேனேஜ்மென்ட்' என்ற சொல்லே இருக்காது.

அரசுப் பள்ளியில் படித்தவர்கள் இதற்கு அடுத்து வருவதை நிதானமாகப் படியுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021இல் வந்தது. மருத்துவத்துக்கு அதற்கு முந்தைய வருஷமே வந்துவிட்டது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் டியூஷன் பீஸ், ஹாஸ்டல் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. கிடைத்தது தனியார் கல்லூரியாக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் இடம் கவுன்சிலிங் வழியாக வந்திருக்க வேண்டும். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் கவுன்சிலிங்கில் சேர்ந்தால்தான்.

இப்போது அந்த 50 சதவீத ஸ்காலர்ஷிப்பைத் திரும்பப் பாருங்கள். முழுப் பணத்தையும் அரசு கட்டும் என்ற நிலையில் இருக்கும் ஒரு பிள்ளையைப் பாதிப் பணம் கட்டச் சொல்லி அழைக்கிறது அந்தக் கடிதம். அந்தப் பாதியும் டியூஷன் பீஸுக்கு மட்டும்தான். பஸ், ஹாஸ்டல், பரீட்சைக் கட்டணம், 'இதர கட்டணம்' எல்லாம் தனி. முதல் வருஷத்துக்கு மட்டுமா, நாலு வருஷத்துக்குமா என்பதும் அதில் இல்லை. டீச்சர் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யாராவது போன் செய்தால் அதைப் பார்த்துத்தான் பேசினார்.

விவரம் தெரியாத வீடுகளில் இந்தக் கடிதம் செய்கிற சேதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. அரசு மாணவிகளுக்குத் தரும் மாதம் 1000 ரூபாய் புதுமைப்பெண் உதவியைக்கூட 'எங்கள் கல்லூரியில் சேர்ந்தால் பெற்றுத் தருவோம்' என்று ஒரு நோட்டீஸில் அச்சடித்திருந்தார்கள். அது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு அரசு தரும் பணம். மாணவர்களுக்கும் 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1000 ரூபாய் உண்டு.

சரி, பெயரும் நம்பரும் அவர்களுக்கு எப்படிப் போகிறது? நாமே எழுதிக் கொடுப்பதுதான் பெரும்பாலும். பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கு வந்து வழிகாட்டுதல் வகுப்பு எடுப்பவர்கள் முடிவில் ஒரு படிவம் கொடுப்பார்கள். கல்விக் கண்காட்சி ஸ்டாலில் பேனா ஒன்று கொடுத்து நோட்டில் நம்பர் எழுதச் சொல்வார்கள். இலவச மாதிரித் தேர்வு, வினாடி வினா என்று வரும் லிங்க்குகளும் இதே வேலைதான். அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு என்ற அமைப்பு, சம்மதம் கொடுத்த மாணவர்களின் விவரத்தைக் கல்லூரிகளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு தருகிறது. அங்கேயும் பிள்ளைகள் வீட்டில் கடிதம் குவிகிறது. ஆக, உங்கள் பெயர் போட்டு வந்தது என்பதற்கு ஒரு பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது என்பதுதான் அர்த்தம். விளம்பர எஸ்எம்எஸ்களை நிறுத்த 1909க்குப் போன் செய்து பதிவு செய்யலாம். ஆனால் தனி ஆட்கள் சொந்த நம்பரிலிருந்து கூப்பிடுவதை அது அவ்வளவாகத் தடுக்காது.

போனில் பேசுகிறவர் பல நேரம் அந்தக் கல்லூரி லெக்சரராகவே இருப்பார். இத்தனை பேரைச் சேர்த்தாக வேண்டும் என்று அவருக்கும் நெருக்கடி இருக்கும். அவர்மேல் கோபப்பட வேண்டாம். "ரெண்டு சீட்தான் சார் இருக்கு, சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் போட்டுடுங்க" என்றால், "கவுன்சிலிங் முடியட்டும் சார்" என்று ஒரே பதிலைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டார்.

கடிதம் வந்த எல்லாக் கல்லூரியும் மோசம் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தை வைத்து முடிவு செய்யாமல் நீங்களே போய்ப் பாருங்கள். முந்தைய வருஷங்களில் அந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவுக்கு எந்தச் சமூகப் பிரிவில் எவ்வளவு கட் ஆஃப் வரை இடம் போனது என்பது கவுன்சிலிங் இணையதளத்திலேயே இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது. என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் என்று போட்டிருந்தால் அது எந்தப் பிரிவுக்கு என்று கேளுங்கள், ஏனென்றால் அது ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தருவது. '100 சதவீத வேலைவாய்ப்பு' என்றால் உங்கள் பிரிவில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, என்ன சம்பளம் என்று கேளுங்கள். முடிந்தால் கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் நிற்கும் இரண்டாம் வருஷ அண்ணன் அக்காக்களிடம் பேசுங்கள். ஆபீஸில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

நான் சேர ஆசைப்பட்ட எந்தக் கல்லூரியிலிருந்தும் எனக்குக் கடிதம் வரவில்லை. கலை அறிவியல் படிக்க நினைப்பவர்களும் தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம். மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி மாதிரி அரசுக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் நீங்கள்தான் நேரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் போன்றவற்றில் சேர நினைத்தால், நீங்கள் கேட்கும் பாடம் அரசு உதவி பெறும் பிரிவில் இருக்கிறதா, சுயநிதிப் பிரிவில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணத்தில் வித்தியாசம் பெரிது.

நீட் எழுதியவர்களுக்கு வெளிநாட்டு எம்பிபிஎஸ் மெசேஜ்கள் வரும். 2021இல் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் நடக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் வேண்டும். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராத ஏஜென்ட்டிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

அசல் சான்றிதழ்களை யாரிடமும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். டிசியும் மார்க் ஷீட்டும் அவர்கள் பீரோவில் இருந்தால், கவுன்சிலிங்கில் நல்ல இடம் கிடைத்தாலும் அங்கே போய்க் கெஞ்ச வேண்டியிருக்கும். அசலை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு), யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) இரண்டுமே சொல்லியிருக்கின்றன. ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தாலும் பயப்பட வேண்டாம். இன்ஜினியரிங் கல்லூரி என்றால் வகுப்பு தொடங்கும் முன் விலகுபவருக்கு அதிகபட்சம் 1000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்பது ஏஐசிடிஇ விதி. போனில் கேட்டால் நாளைக்கு, நாளைக்கழித்து என்பார்கள். சேர்க்கையை ரத்து செய்யக் கோரி கடிதம் எழுதி, ரசீது நகலை இணைத்து, நேரில் கொடுத்து இன்னொரு பிரதியில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மறுத்தால் அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்புங்கள்.