லாக் எதைக் காக்கிறது? எக்ஸ்வி6 லேபில் நான் பட்ட பாடு

ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பரில் சிங்க்ரொனைசேஷன் (ஒரே டேட்டாவைப் பலர் தொடும்போது மோதாமல் பார்ப்பது) யூனிட் என்றால் டைனிங் பிலாசபர்ஸ் என்ற பழைய புதிரை உருப்போட்டுவிட்டுப் போவதுதான் நம் வழக்கம். எழுத்துத் தேர்வில் அது கரை சேர்த்துவிடும். லேபில் சேர்க்காது.

எக்ஸ்வி6 என்பது அமெரிக்காவின் எம்ஐடியில் பாடம் நடத்த எழுதிய சின்ன கர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. அதில் 4096 பைட் மெமரிப் பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் கேஅலாக் ஃபங்ஷனுக்கு ஒரே ஃப்ரீ லிஸ்ட் (காலிப் பக்கங்களின் பட்டியல்), ஒரே லாக் (ஒரு நேரத்தில் ஒரு சிபியுவை மட்டும் உள்ளே விடும் பூட்டு). காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றி, புள்ளிக்கு (மணமான ஒவ்வொரு ஜோடிக்கும்) ஓர் அறை, தனிச் சாவி. அதை விட்டுவிட்டு, முகப்புக் கதவுக்கு மட்டும் ஒரே சாவி, ஒருவர் உள்ளே போனால் மற்றவரெல்லாம் திண்ணையில் காத்திருக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? லினக்ஸே 1996 முதல் அப்படியொரு பெரிய லாக்கைச் சுமந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி, 2011-இல் 2.6.39 பதிப்பில்தான் முழுதாக விட்டது.

லேபில் அந்த ஒரே லாக்கைத்தான் பிரிக்க வேண்டும். சிபியுவுக்கு ஒரு லிஸ்ட், ஒரு லாக் என்று பிரித்தேன். என் லிஸ்ட் காலியானால் பக்கத்து சிபியுவிடம் எடுக்க வேண்டும். என் லாக்கைப் பிடித்தபடியே அதன் லாக்கைக் கேட்டேன். அதுவும் அதே நேரத்தில் என்னுடையதைக் கேட்டது. பேனிக் இல்லை, எரர் இல்லை, திரை அப்படியே நின்றது. ஒரே சிபியுவில் ஓட்டினால் ஒழுங்காக ஓடியது. பக்கத்தில் எடுக்க ஆளே இல்லையே, மாட்டுவதற்கு என்ன இருக்கிறது! எனக்கு அது புரிய இரண்டு ராத்திரி ஆனது.

ஃப்ளாக், வரிசை எண், கோட்டூ (goto) என்று ஒட்டுப்போட்டு ஃபங்ஷன் மூன்று மடங்கானது. கடைசியில் எல்லாவற்றையும் அழித்தேன். என் லாக்கை விட்டுவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து விடுவது. கிடைத்த பக்கத்தை என் லிஸ்டில் போடாமல் கேட்டவரிடமே கொடுப்பது. எந்த நேரத்திலும் கையில் ஒரு லாக்தான். சிபியு எண்ணைப் படிக்குமுன் புஷ்_ஆஃப் போட்டு இன்டரப்டை (ஓடும் வேலையில் குறுக்கிடும் சிக்னலை) அணைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நடுவில் வேறு சிபியுவுக்கு மாறிவிடுவீர்கள். இதில் ஒரு குறையும் உண்டு. தேடி முடித்த லிஸ்டில் பின்னால் யாராவது பக்கம் விடுவித்தால் அது நம் கண்ணில் படாது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதை நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

என் வைவாவில் எக்ஸாமினர் நான் எழுதிய புரோகிராமையே பார்க்கவில்லை. "இந்த லாக் எதைக் காக்குதுப்பா?" என்றார். "கேஅலாக்கை சார்" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டார். லாக் காப்பது டேட்டாவை. இங்கே ஃப்ரீ லிஸ்டை. அதனால்தான் பக்கத்தைத் திருப்பிப் போடும் கேஃப்ரீயும் அதே லாக்கைப் பிடிக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு லாக்கின் மேலும் அது காக்கும் டேட்டாவின் பெயரை கமென்டாக எழுதிவிடுகிறேன். எழுத வரவில்லையென்றால் அந்த லாக் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

லினக்ஸ் கேள்வி வந்தால், லாக்கைப் பிடிக்க உதவும் கார்டு (guard) மேக்ரோவை எழுதுங்கள். 2023-இல், 6.5 பதிப்பில் வந்தது. பிளாக்கை விட்டு எந்த வழியில் வெளியேறினாலும் லாக் தானாக விடுபடும். எரர் வழியில் அன்லாக் மறந்துபோகும் தொல்லை இல்லை.

ரெக்கார்டில் கையெழுத்து வாங்குமுன் சிபியு எண்ணிக்கையை 1, 3, 8 என்று மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். 1-இல் பாஸாகி 8-இல் நின்றுபோனால், எங்கே இரண்டு லாக்கைச் சேர்த்துப் பிடித்திருக்கிறீர்கள் என்று முதலில் தேடுங்கள்.