ஹெக்ஸேனுக்கு அஞ்சுதான், ஆறாவது கிடையாது

தக்கலைல ப்ளஸ் ஒன் பிள்ளைங்களுக்கு ஹைட்ரோகார்பன் நடத்தும்போது ஹெக்ஸேனுக்கு எத்தன ஐசோமர் (அதே அணுக்கள், ஆனா வேற மாதிரி இணைஞ்சது)னு வரையச் சொன்னா ஏழு எட்டுனு வரைஞ்சிட்டு வந்து நிப்பாங்க, இன்னும் இருக்கு சார்னு வேற சொல்லுவாங்க. 6 கார்பன், 14 ஹைட்ரஜன், இத வச்சு 5 தான் வரும். ஏன் அஞ்சோட நிக்குதுன்னு புரிஞ்சிட்டா மிச்சத்த அவங்களே போட்டிருவாங்க.

நோட்ட வாங்கிப் பாத்தா எக்ஸ்ட்ரா வர்றது எல்லாம் ஒரே வழியிலதான். நேர் செயினோட கடைசி கார்பன மேல மடக்கி வரைஞ்சிருப்பாங்க, பாக்க கிளை மாதிரியே இருக்கும். ஆனா ஒற்றைப் பிணைப்பு சுத்தும் மக்களே, குளச்சல்ல கயிறு நேரா கிடந்தாலும் வளைஞ்சு கிடந்தாலும் அதே கயிறுதான.

அதனால படத்த நம்பாம, இருக்கிறதுலயே நீளமான செயின எண்ணி பேரு வச்சுப் பாருங்க. ஒரு நோட்டுல நாலு கார்பன் செயின் போட்டு ரெண்டாவதுல எத்தில (ரெண்டு கார்பன் கிளை) மாட்டி 2-எத்தில்பியூட்டேன்னு எழுதியிருந்துது. எத்தில் நுனியில பென்சில வச்சு அந்தப்பக்கம் வரைக்கும் எண்ணுன்னு சொன்னேன், எண்ணினா அஞ்சு வருது! அப்போ அது 3-மெத்தில்பென்டேன் (அஞ்சு செயின், மூணாவதுல மெத்தில்ங்கிற ஒரு கார்பன் கிளை), அத அந்தப் பிள்ளையே ரெண்டு வரிக்கு மேல வரைஞ்சு வச்சிருக்கு. 4-மெத்தில்பென்டேனும் இதே கதைதான், மறுபக்கம் இருந்து நம்பர் போட்டா 2-மெத்தில் ஆயிரும்.

வரிசையா போனா குழப்பமே இல்ல. ஆறு செயின்ல ஒண்ணு, அஞ்சு செயின்ல மெத்தில் 2ல இல்லன்னா 3ல, நாலு செயின்ல ரெண்டு மெத்திலும் 2,2 இல்லன்னா 2,3. மூணு செயினுக்கு இறங்கினா நடு கார்பன்ல ரெண்டு மெத்திலுக்குத்தான் இடம், மொத்தம் அஞ்சு கார்பனோட முடிஞ்சிரும், ஆறாவதுக்கு வழியே இல்ல. அதான் 5.

இது பரீட்சைக்கு வரையிற படம் மட்டும்னு நினைக்காதீங்க. அஞ்சு கார்பன் பென்டேனோட மூணு ஐசோமரையும் நாகர்கோவில்ல ஒரு மத்தியானம் 32 டிகிரி வெயில்ல வச்சா, நேர் பென்டேன் 36 டிகிரிலதான் கொதிக்கும்ங்கிறதால திரவமாவே இருக்கும், 2-மெத்தில்பியூட்டேன் 28 டிகிரி கிட்டயே கொதிச்சு போயிரும், 2,2-டைமெத்தில்புரப்பேன் 9.5 டிகிரிதான், அது இந்த ஊர்ல எப்பவும் வாயுதான். அதே அணுக்கள், அதே எடை! கிளை கூடக்கூட மூலக்கூறு உருண்டையாகி ஒண்ணோட ஒண்ணு தொடுற பரப்பு குறையுது, மூலக்கூறுகளுக்கு நடுவுல உள்ள வாண்டர்வால்ஸ் இழுப்பும் குறையுது. ஆனா உருகுநிலை பாத்தா தலைகீழ், நேர் பென்டேன் மைனஸ் 130 கிட்ட, அந்த உருண்டைக்கு மைனஸ் 17 கிட்ட, சீரான வடிவம் படிகத்துல நெருக்கமா அடுக்கி உக்காரும்ல. எனக்கு இந்தப் பாடத்துலயே ரொம்ப புடிச்ச இடம் இதாக்கும்.

பெட்ரோல் இன்ஜின்ல தட்டாம எரியுறத அளக்கிற ஆக்டேன் நம்பர்ல 100னு வச்சிருக்கிறதும் கிளை உள்ள 2,2,4-ட்ரைமெத்தில்பென்டேனத்தான், நேர் ஹெப்டேனுக்கு 0.

ஐசோமர் எண்ணிக்கை கார்பன் கூடக்கூட பயங்கரமா ஏறும், 10 கார்பனுக்கு 75, 20க்கு 3,66,319. ஆர்தர் கேலினு இங்கிலாந்து கணித மேதை 1870கள்லயே இத எண்ண முறை கண்டுபிடிச்சாரு, அவருக்கே 12, 13 கார்பன்ல எண்ணிக்கை தப்பாப் போச்சு. அதனால கூடுதலா ரெண்டு வரைஞ்ச பிள்ளைய யாரும் திட்டாதீங்க.

அடுத்து 7 கார்பன் ஹெப்டேன போடுங்க, 9 வரணும். எட்டோட நின்னா 3-எத்தில்பென்டேன விட்டிருக்கீங்களான்னு பாருங்க, எத்தில் நிஜமாவே கிளையா நிக்க குறைஞ்சது அஞ்சு கார்பன் செயின் வேணும், அது முதல்முறையா கிடைக்கிறது இங்கதான்.